சிறுநீரகச் செல்லுக்கும் ஞாபகம் உண்டு

பாம்பன் பக்கம் படகு நிழலில் உட்கார்ந்து வலை முடிகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஊசி ஒரு கண்ணிக்குள் நுழையும், சுற்றும், இறுகும், அடுத்த கண்ணிக்குப் போய்விடும். பார்வை வேறெங்கோ இருக்கும். பேச்சு டீசல் விலையைப் பற்றியோ ஐஸ் விலையைப் பற்றியோ ஓடிக்கொண்டிருக்கும். “எப்படிண்ணே பாக்காமலே முடியுறீங்க?” என்று கேட்டால், “கைக்குத் தெரியும் தம்பி” என்பார்கள்.

உண்மையில் அந்த முடிச்சு மூளையில்தான் இருக்கிறது. பின்மண்டையில் உள்ள சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் உள்ள இன்னும் சில பகுதிகளும் சேர்ந்து, பழகிய அசைவுகளை யோசிக்காமலே செய்ய வைக்கின்றன. விரல்கள் அந்த உத்தரவை நிறைவேற்றுகின்றன, அவ்வளவுதான். ஆனால் அதே கையின் தசையிலும், தோலிலும், அதற்குள் ஓடும் ரத்தத்திலும் வேறு சில ஞாபகங்கள் இருக்கின்றன. அவை மூளையைக் கேட்டு வந்தவை அல்ல. அந்தந்தச் செல்கள் தாமே பதித்து வைத்துக்கொண்டவை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

முதலில் ஞாபகம் என்று எதைச் சொல்கிறோம் என்று பார்த்துவிடலாம். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது முகங்கள், பெயர்கள், பள்ளிக்கூட நாட்கள். உயிரியலில் அதை இன்னும் அடிப்படையாகப் பார்க்கிறார்கள். ஒரு செல்லுக்கு ஏதோ ஒன்று நேர்கிறது. அது முடிந்து போன பிறகும் செல்லுக்குள் ஒரு மாற்றம் தங்குகிறது. அந்த மாற்றத்தால், பின்னால் அதே மாதிரி ஒன்று வரும்போது அந்தச் செல் முன்பு நடந்துகொண்டதிலிருந்து வேறு விதமாக நடந்துகொள்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஞாபகம். இந்த வரையறையில் மூளைக்கு மட்டும் என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்தச் செல்லும் இதைச் செய்யலாம்.

செய்கிறதா என்று பார்க்க நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நிக்கோலாய் குகுஷ்கின், தாமஸ் கேர்யூ முதலியோர் ஒரு சோதனை செய்தார்கள். 2024 நவம்பரில் அது வெளியானது. ரொம்ப அழகான சோதனை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய செய்தி. 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நாள் நிற்கிறது என்று அளந்து ஒரு நூல் எழுதினார். அவர் கண்டது இது: 12 அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பெறுகிற பலனை, மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 தடவை சொன்னாலே பெற்றுவிடலாம். பரீட்சைக்கு முந்தின இரவு உட்கார்ந்து மொத்தமாகப் படிப்பதைவிட, தினம் கொஞ்சம் படிப்பது ஏன் நிற்கிறது என்பதற்கான முதல் அளவீடு அதுதான். மனிதர்களிடம் மட்டுமில்லாமல் ஈ, எலி, நத்தை என்று சோதித்த விலங்குகளிலெல்லாம் பிறகு இதையே பார்த்தார்கள்.

நியூயார்க் குழு கேட்ட கேள்வி நேரானது. இடைவெளி விட்டுப் படித்தால் நிற்கிறது என்பது மூளையின் குணமா, இல்லை செல் என்று இருந்தாலே வருகிற குணமா?

இரண்டு வகை மனிதச் செல்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று நரம்புத் திசுவிலிருந்து வந்தது, மற்றது சிறுநீரகத்திலிருந்து வந்தது. இரண்டும் ஆய்வகத்தில் தட்டில் வளர்பவை. அவற்றுக்குள் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். ஞாபகத்தோடு தொடர்புள்ள மரபணுக்களை இயக்குகிற சுவிட்ச் ஒன்று செல்லில் இருக்கிறது. அந்த சுவிட்ச் போடப்பட்டால், மின்மினிப் பூச்சியில் ஒளியை உண்டாக்குகிற புரதமும் சேர்ந்து உருவாகும்படி வைத்தார்கள். சுவிட்ச் விழுந்தால் செல் ஒளிரும். ஒளியை அளந்தால் போதும், உள்ளே எவ்வளவு பதிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, தட்டில் கிடக்கிற செல்லுக்குப் பாடம் நடத்துவது எப்படி? மூளையில் கற்றல் நடக்கும்போது நரம்புச் செல்களுக்கு ரசாயனச் செய்திகள் வருகின்றன. அதே வேலையைச் செய்யக்கூடிய ரசாயனங்களை இந்தச் செல்கள் மேல் விட்டார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ஃபோர்ஸ்கோலின். இது நம் ஆட்களுக்கு அந்நியமானது இல்லை. சேலம், ஆத்தூர் பக்கம் பயிராகிற மருந்துக்கூர்க்கன் செடியின் கிழங்கிலிருந்து எடுக்கப்படுவது. நம்மூர்ச் செடியின் வேரில் உள்ள ஒரு பொருள் உலகம் முழுவதும் செல் ஆய்வகங்களில் அன்றாடப் பொருளாக இருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற விஷயம்.

ஒரு தட்டுக்கு 12 நிமிடம் தொடர்ந்து மருந்து. இன்னொரு தட்டுக்கு 3 நிமிடம் வீதம் நான்கு தடவை, இடையிடையே 10 நிமிடம் ஓய்வு. மொத்த மருந்து நேரம் இரண்டிலும் ஒன்றுதான். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், பிரித்துக் கொடுத்த தட்டு கூடுதலாக ஒளிர்ந்தது. அந்த ஒளி நீடிக்கவும் செய்தது. ஒரே அளவு மருந்து, ஒரே வகைச் செல். எப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் அந்தச் செல் கணக்கில் வைத்திருந்தது. எபிங்ஹாஸ் அசைகளை வைத்துக் கண்டது, பள்ளிக்கூடமே போகாத சிறுநீரகச் செல்லில் அப்படியே இருந்தது.

மர வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு டப்பா பெயின்ட்டையும் ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் அது வழியும், பிறகு உரியும். அதே பெயின்ட்டை நாலு பூச்சாக, ஒவ்வொன்றும் காய விட்டு அடித்தால் உப்புத் தண்ணீரில் நிற்கும். பூச்சுக்கு நடுவே சும்மா விட்டிருக்கிற நேரத்திலும் வேலை நடக்கிறது. செல்லிலும் அந்த 10 நிமிட ஓய்வு வெறும் காத்திருப்பு இல்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது? மருந்து செல்லின் மேல் படும்போது உள்ளே ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டியெழுப்புகிறது, அது அடுத்ததை எழுப்புகிறது. அந்த வரிசையில் ஈ.ஆர்.கே. என்ற புரதமும், அதற்கப்புறம் கிரெப் என்ற புரதமும் வருகின்றன. கிரெப் செல்லின் உட்கருவுக்குள் டி.என்.ஏ.வின் மேல் உட்கார்ந்து சில மரபணுக்களை இயக்கும் புரதம். நான் மேலே சுவிட்ச் என்று சொன்னது இதன் வேலையைத்தான். இடைவெளி விட்டுக் கொடுத்தபோது இந்த இரண்டும் அதிகமாக இயங்கின. இரண்டில் ஒன்றைத் தடுத்துவிட்டால் பிரித்துக் கொடுத்ததன் பலனே போய்விட்டது.

இந்த கிரெப் என்ற பெயர் மூளை ஆய்வாளர்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். எரிக் காண்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது, கடல் முயல் என்ற ஓடில்லாத பெரிய கடல் நத்தையின் ஞாபகத்தை ஆராய்ந்ததற்காக. அவர் வைத்திருந்தது கலிபோர்னியாக் கடலின் இனம். அதன் உறவுகள் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. மண்டபம் பக்கம் பாசியும் கடல்புல்லும் நிறைந்த ஆழமில்லாத தண்ணீரில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். தொந்தரவு செய்தால் ஊதா நிறத்தில் மை விடும். அதன் நரம்பு மண்டலத்தில் சுமார் 20,000 நரம்புச் செல்கள்தான், அதிலும் பல வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு பெரியவை. அதனால்தான் அதை எடுத்தார்கள். அந்த நரம்புச் செல்களைத் தட்டில் வைத்து செரோட்டோனின் என்ற ரசாயனத்தை ஒரு தடவை விட்டால் மாற்றம் சீக்கிரம் மறைந்தது. இடைவெளி விட்டு ஐந்து தடவை விட்டால் நாள் கடந்தும் நின்றது. அப்படி நிற்க வைத்ததில் கிரெப்புக்கு முக்கியப் பங்கு. இப்போது பாருங்கள், கடல் நத்தையின் நரம்பில் வேலை செய்த அதே புரதம்தான் மனிதச் சிறுநீரகச் செல்லிலும் அதே வேலையைச் செய்கிறது. மூளை இந்தக் கருவியைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. செல்களிடம் ஏற்கெனவே இருந்ததை எடுத்து, மிக விரிவாகப் பயன்படுத்திக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

24 மணி நேரம் சரி. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிற்பது எப்படி? புரதங்கள் சிதைந்து புதிதாக வந்துகொண்டே இருப்பவை. நீண்ட நாள் ஞாபகத்துக்கு இன்னும் உறுதியான ஓர் இடம் வேண்டும். பல செல்களில் அந்த இடம் டி.என்.ஏ.வின் மேற்பரப்பு. ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் எனப்படும் புரதங்களின் மேல் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. சில இடங்கள் இறுக்கமாக, சில இடங்கள் தளர்வாக. தளர்ந்த இடத்தில் உள்ள மரபணு எளிதாக வேலைக்கு வரும். அதோடு, டி.என்.ஏ.வின் மேலேயே மெத்தில் என்ற சிறு ரசாயனக் குறிகள் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் குறி இருந்தால் மரபணு அடங்கியிருக்கும், விலகினால் வேலை செய்யும். அனுபவம் இந்தக் குறிகளையும் தளர்ச்சியையும் மாற்றும். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. எது எளிதாகத் திறக்கும், எது திறக்காது என்பதுதான் மாறுகிறது.

தசைக்கு வருவோம். கிழக்குக் கடற்கரையில் வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையேறிவிடும், தொழிலாளிக்கு வலை இழுக்கிற வேலை இல்லை. ஜூன் நடுவில் திரும்பக் கடலுக்குப் போனால் முதல் சில நாள் தோளும் முதுகும் வலிக்கும். ஆனால் வருடக்கணக்காகக் கடலுக்குப் போய்ப் பழகியவருக்குப் பழைய பலம் சீக்கிரம் வந்துவிடும், புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அப்படி வராது. இதற்குப் பழக்கமும் சாமர்த்தியமும் ஒரு காரணம். ஆனால் தசைச் செல்லிலேயே ஒரு காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2018இல் இதை மனிதர்களிடம் காட்டியது. எடை தூக்கிப் பழகாத ஆண்களை 7 வாரம் பயிற்சி செய்ய வைத்து, 7 வாரம் நிறுத்தி, திரும்ப 7 வாரம் செய்ய வைத்தார்கள். நிறுத்தியபோது தசை பழைய அளவுக்கே வற்றிவிட்டது. ஆனால் முதல் பயிற்சியில் டி.என்.ஏ.விலிருந்து விலகிய மெத்தில் குறிகள் பல இடங்களில் திரும்பி வரவில்லை. இரண்டாம் முறை தசை இன்னும் நன்றாக வளர்ந்தது. தசை மெலிந்துவிட்டது என்று வெளியே தெரியலாம், உள்ளே அது எதையும் விட்டுவிடவில்லை.

தோலும் இப்படித்தான். அமெரிக்காவில் எலைன் ஃபக்ஸ் என்பவரின் குழு 2017இல் சுண்டெலிகளில் பார்த்தது: ஒரு தடவை வீக்கம் கண்டு ஆறிப்போன தோல், பிறகு அதே இடத்தில் காயம் பட்டால், புதுத் தோலைவிட வேகமாக ஆறுகிறது. தோலின் அடியில் புதுத் தோல் செல்களை உருவாக்குகிற மூலச் செல்களில் சில டி.என்.ஏ. பகுதிகள் வீக்கம் போன பிறகும் மாதக்கணக்கில் திறந்தே இருந்தன. இது நல்லதற்கு மட்டும் இல்லை. சில தோல் நோய்கள் போன இடத்திலேயே திரும்பத் திரும்ப வருவதற்கும் இதே குணம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த செல் ஞாபகம் ரத்தத்தில் இருப்பது. மணல்வாரி அம்மை ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராது என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். அது எவ்வளவு நாள் நிற்கும் என்பதை ஒரு தீவுதான் முதலில் காட்டியது. வடக்கு அட்லான்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளுக்கு 1781இல் இந்த அம்மை வந்துபோனது. பிறகு 65 வருடம் எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் திரும்ப வந்தபோது ஊரில் பெரும்பாலோர் படுத்துவிட்டார்கள். 1781இல் வந்து பிழைத்திருந்த வயசாளிகளுக்கு மட்டும் வரவில்லை. பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் வீடு வீடாகப் போய் இதைக் குறித்துவைத்தார். அந்த முதியவர்களின் மூளை அந்த அம்மையை மறந்திருக்கலாம், சிலர் அப்போது கைக்குழந்தை. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு பகுதி ஞாபகச் செல்களாக உடலில் தங்கி, கிருமி திரும்ப வந்ததும் பெருகி வேலையைத் தொடங்கிவிட்டன. எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும் செல்கள் எலும்பு மஜ்ஜையில் பல பத்தாண்டுகள் இருக்கக்கூடியவை.

இங்கேயும் இடைவெளி வருகிறது. குழந்தைக்கு ஐந்து நோய்த் தடுப்பூசியை 6, 10, 14 வாரங்களில் போடச் சொல்கிறார்கள். “மூணையும் ஒரே நாள்ல போட்டுட்டா என்னம்மா, திரும்பத் திரும்ப வரணுமா?” என்று செவிலியரிடம் கேட்கிற தாய்மார்கள் உண்டு. ரத்தத்தில் நடக்கிற வேலை சிறுநீரகச் செல்லில் நடந்ததைவிட வேறு. முதல் ஊசிக்குப் பிறகு, கிருமியை நன்றாகப் பிடிக்கிற செல்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிற வேலை நிணநீர் முடிச்சுகளுக்குள் வாரக்கணக்கில் நடக்கும். அது நடந்த பிறகு வருகிற ஊசிக்குத்தான் முழுப் பலன். வழி வேறானாலும், நடுவில் விடுகிற நேரத்தில் வேலை நடக்கிறது என்பது இங்கும் உண்மை.

மூளையே இல்லாத உயிர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கடலுக்குள் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986இல் இது கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நம் மீனவர்கள் பார் என்று சொல்கிற இடங்களில் பலவற்றை உருவாக்கியது கடுகளவிலிருந்து விரல் நுனி அளவு வரை உள்ள சின்னச் சின்னப் பவள உயிர்கள்தான். அவற்றுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. சித்திரை, வைகாசியில் தண்ணீர் மிதமிஞ்சிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை இழந்து வெளுத்துப்போகும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் இப்படி நடந்தது.

அந்தமான் கடலுக்கு அப்பால், தாய்லாந்தின் புக்கெட் தீவில், பார்பரா பிரவுன் என்ற ஆய்வாளரின் குழு ஒரு காரியம் செய்தது. அங்கே ஆழமில்லாத இடத்தில் உருண்டையாக வளர்கிற ஒரு பவள இனத்தில், மேற்குப் பக்கம் அதிக வெயில் தாங்கிப் பழகியிருந்தது. 2000ஆம் ஆண்டில் சில உருண்டைகளை அப்படியே 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். மேற்கே பார்த்த பக்கம் இப்போது கிழக்கே பார்த்தது, கடும் வெயில் அதற்கு இல்லை. பத்து வருடம் அப்படியே இருந்தது. 2010இல் அங்கேயும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தபோது போய்ப் பார்த்தார்கள். திருப்பாத உருண்டைகளின் கிழக்குப் பக்கத்தோடு ஒப்பிட்டால், முன்பு மேற்கே இருந்த அந்தப் பக்கத்தில் நான்கு மடங்கு பாசி மிஞ்சியிருந்தது. பத்து வருடமாக இரண்டும் ஒரே வெயிலில்தான் இருந்தன. பழைய வெயில் அந்தப் பக்கத்தில் பதிந்து கிடந்தது. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் எதிரே இருக்கிற நம் பவளங்களைப் பற்றி யோசிக்கும்போது இந்தச் சோதனைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு சூட்டைத் தாங்கி மீண்ட பவளம் அடுத்த சூட்டுக்குக் கொஞ்சமாவது தயாராக இருக்கக்கூடும். ஆனால் இரண்டு சூட்டுக்கும் நடுவே மீள நேரம் கிடைக்க வேண்டும். இப்போது அந்த நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் கவலை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயம் இணையத்தில் வேறு மாதிரியும் சுற்றுகிறது. சிறுநீரகம் ஏர்வாடி சந்தனக்கூட்டை நினைவு வைத்திருக்காது. மாற்று இதயம் பொருத்தப்பட்டவருக்குக் கொடுத்தவரின் ஆசைகளும் கூடவே வந்துவிடும் என்று உலவுகிற கதைகளுக்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. முகம், பெயர், நடந்த கதை எல்லாம் கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து சேர்த்து வைப்பவை. அதைத் தனிச் செல் செய்ய முடியாது. தனிச் செல் வைத்திருப்பது எளிமையானது: என்ன வந்தது, எவ்வளவு வந்தது, எந்த இடைவெளியில் வந்தது. அதோடு அதற்குத் தகுந்தபடி அடுத்த தடவை நடந்துகொள்வது. அந்த எளிமையில்தான் இதன் பயனும் இருக்கிறது. குகுஷ்கின் சொல்வது இதைத்தான்: நாம் எந்த ஒழுங்கில் சாப்பிட்டோம் என்பதைக் கணையம் வைத்திருக்கலாம், எந்த இடைவெளியில் மருந்து ஏறியது என்பதைப் புற்றுநோய்ச் செல் வைத்திருக்கலாம், அதைத் தெரிந்துகொண்டால் வைத்தியத்தையே வேறு விதமாக யோசிக்கலாம்.

சர்க்கரை நோயில் இதற்கு வலுவான சாட்சி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, இன்சுலின் தேவைப்படுகிற முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுக்குள் வைத்தார்கள். மற்றதற்கு அப்போதைய வழக்கமான சிகிச்சை. சராசரியாக ஆறரை வருடம். அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே சிகிச்சை, சில வருடங்களில் இரு குழுவின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் 2005இல் கணக்கெடுத்தபோது, ஆரம்பத்தில் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு மாரடைப்பு முதலிய இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 42 சதவீதம் குறைவாக இருந்தன. கண், சிறுநீரகப் பாதிப்புகளிலும் அந்த வித்தியாசம் வருடக்கணக்கில் தொடர்ந்தது. மருத்துவர்கள் இதற்கு வளர்சிதை ஞாபகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அது எங்கே பதிந்திருக்கிறது என்று தேடி, அந்த ஆய்வில் இருந்த சிலரின் ரத்தச் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2016இல் வெளியானது. சர்க்கரை கூடுதலாக இருந்தவர்களின் டி.என்.ஏ.வில், டிஎக்ஸ்என்ஐபி என்ற மரபணுவில் மெத்தில் குறி குறைந்திருந்தது. செல்லுக்குள் சர்க்கரை போவதை ஒழுங்குபடுத்துவதில் பங்குள்ள மரபணு அது. சோதனை முடிந்த சமயத்தில் எடுத்து வைத்திருந்த ரத்தத்தில் எந்த இடத்தில் குறி குறைந்திருந்ததோ, 16, 17 வருடம் கழித்து எடுத்த ரத்தத்திலும் அதே இடத்தில் அது குறைந்தே இருந்தது.